அலங்கின் கன்னம்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிரீனா கல்லூரியின் பழைய பங்களாவைத் திறக்கப் போனாள். பங்களா என்று பேர்தான். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் குடியிருந்த ஓட்டுக் கட்டிடம். அவருக்குப் பிறகு அது விடுதியாகி, உடைந்த பெஞ்சுகள் போடும் அறையாகி, கடைசியில் விலங்கியல் துறையின் மியூசியமாக வந்து சேர்ந்தது. யாருக்கும் வேண்டாத கட்டிடத்தை யாருக்கும் வேண்டாத பொருட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். துறையில் எல்லாருக்கும் இளையவள் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிரீனாவின் தலையில் கட்டியிருந்தார் துறைத் தலைவர் யேசுரத்தினம்.

பூட்டு முரண்டு பிடித்தது. கூட்டிப் பெருக்க வந்த தேவகனி அக்கா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகியதும் ஒருவழியாக வழிவிட்டது. உள்ளே பார்மலின், பாச்சை உருண்டை, வௌவால் எச்சம், நனைந்த மரம் எல்லாம் கலந்த ஒரு நெடி. ஓட்டுக் கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக மங்கலான வெளிச்சம் இறங்கியது. மழைநாளில் அந்த அறைக்கு விடிவதே இல்லை.

"கமிட்டிக்காரங்க வாற அன்னைக்கு ஒடஞ்ச சாமானம் ஒண்ணுகூட கண்ணுல படப்பிடாது, கேட்டியா? நம்ம மானம் கப்பலேறிரும்" என்று யேசுரத்தினம் சார் சொல்லியனுப்பியிருந்தார். கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து வரும் கமிட்டி அது.

பிரீனா ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியது இறாலின் செவுள் நோயில். இறாலைப் பற்றி எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் சொல்வாள். எலும்புள்ள பிராணிகளைப் பற்றியோ, மாணவர்களுக்கு நடத்தும் பாடத்துக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

மண்டையோடுகள் இருந்த அலமாரியின் கண்ணாடியைத் துடைத்தாள். தூசி போனதும் அவை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. கண்குழிக்குக் கீழே தொடங்கிக் காதுத் துளைக்கு முன்னால் வந்து சேரும் கன்ன எலும்பின் வளைவு, கூடைக்கு வைத்த கைப்பிடி மாதிரி, எல்லாவற்றிலும் இருந்தது. சிறுத்தைக்கு அது அகலமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே விரல்களை நுழைத்து எடுக்கலாம். குதிரைக்கு நீளம், ஆட்டுக்கு ஒல்லி, காட்டுப்பன்றிக்கு நல்ல தடிமன். குரங்குக்கு மனிதனைப் போலவே முன்பக்கம் திரும்பியிருந்தது.

கடைசித் தட்டில் கிடந்த ஒன்று மட்டும் வழுவழுவென்று, கொல்லாம்பழம் போல் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்து, கைக்கடக்கமாக இருந்தது. அலங்கு என்று சீட்டில் எழுதியிருந்தது.

"இது ஈனாம்பேச்சியில்லியா மேடம்? கீரிப்பாறை மலையில கெடக்கும். மேலெல்லாம் செதிளு" என்றாள் தேவகனி அக்கா.

பல் ஒன்றுகூட இல்லை. எறும்பு தின்னும் பிராணிக்குப் பல் கிடையாது என்பது பிரீனாவுக்கும் தெரியும். ஆனால் இதற்குக் கன்ன வளைவும் இல்லையே. கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருந்தது. காதுக்கு முன்னே இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே வெள்ளம் கொண்டுபோன பாலம் மாதிரி வெறும் இடம். பாவம், உடைந்துபோயிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவா உடையும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதற்குள் மழை வலுத்து ஓடு ஒழுக ஆரம்பிக்க, வாளி தேடும் அவசரத்தில் அந்த எண்ணமும் போயிற்று. சாயங்காலம் அதைப் பேப்பரில் பொதிந்து, காலியான சாப்பாட்டுப் பையில் வைத்துப் புத்தேரிக்கு, தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

உடைந்ததை ஒட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தான். அவள் கணவன் ஜெப்சனுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் பல்செட்டு செய்யும் கடை. சந்தைக்கு வரும் வியாபாரிகளில் பாதிப்பேரின் சிரிப்பு அவன் கைவேலை. அவனுக்கோ சொந்தப் பல் இரும்பு மாதிரி. ஒரே ஒரு கடைவாய்ப் பல்லில் மட்டும் வெள்ளி அடைத்திருந்தான். அவன் முறுக்குத் தின்றால் பக்கத்து வீட்டில் கேட்கும். மீன் முள்ளைக்கூட விடமாட்டான். மெல்லும்போது புடைத்துப் புடைத்து இறங்கும் அந்த அகன்ற கன்னங்களைப் பார்ப்பதற்காகவே பிரீனா அவன் முன்னால் உட்கார்ந்து பரிமாறுவாள். பெண் பார்க்க வந்த அன்று, அம்மா வைத்த பலகாரத் தட்டைக் கூச்சமே இல்லாமல் காலி செய்த மாப்பிள்ளை அவன். அன்றைக்கே அவளுக்கு மனம் விழுந்துவிட்டது.

"ஏட்டி, சோறு கொண்டு போற பையில மண்டையோட்டக் கொண்டு வந்திருக்கியே, உனக்கு அறப்பே கெடையாதா?"

"பேப்பர்ல பொதிஞ்சுதானே கொண்டு வந்தேன். கன்ன எலும்பு ஒடஞ்சு போச்சு. ஒட்டித் தாங்க."

ஜெப்சன் அதை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு பல்லே இல்லியே பிள்ளே."

"பல்லில்லாத ஜீவன். எறும்புதான் திங்கும். நாக்க நீட்டி வழிச்சு முழுங்கிட்டுப் போயிரும்."

"அப்பம் ஒருநாளும் ஒண்ணையும் சவச்சுப் பாக்காமலே செத்துப்போச்சா? அய்யோ பாவம். ஒரு செட்டுப் பல்லும் வச்சுக் குடுத்துரட்டா?"

"கமிட்டிக்காரன் எனக்க பல்லக் களத்திருவான். கன்னம் மட்டும் போதும்."

அளவுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் யோசித்தான். பிறகு மெழுகை உருட்டித் தன் கன்னத்திலேயே அழுத்தி வளைவை எடுத்தான். "எனக்க கன்னத்தயே வச்சுக்கிடுவோம். சின்னதாக்குனாப் போதும், என்னா?" என்று சிரித்தான். பல்செட்டுக்குப் போடும் பவுடரைக் குழைத்து, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சின்ன வளைவு வார்த்து, அரத்தால் ராவி, பாலில்லாத கட்டன்சாயாவில் ஊறவைத்துப் பழைய எலும்பின் நிறத்துக்குக் கொண்டுவந்தான். ஒட்டி முடித்ததும் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த முறுக்குத் துண்டொன்றை அதன் வாய்க்கு நேரே வைத்தான்.

"சவச்சுத் தின்னு மக்கா. இனி உனக்கு ஒரு கொறையும் இல்ல."

பிரீனாவும் சிரித்தாள். காலையில் முறுக்கைக் காணவில்லை. எலி கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மண்டையோடு அலமாரிக்குத் திரும்பியது. யேசுரத்தினம் சார் வந்து பார்த்துவிட்டு, "இப்பந்தான் பாக்க முழுசா இருக்கு" என்று திருப்தியாகப் போனார்.

முதலில் முறையிட்டது தேவகனி அக்காதான். "மேடம், ஒங்க பிள்ளேள்கிட்ட சொல்லி வைங்க. பங்களாவுக்குள்ள இருந்து யாரோ என்னத்தையோ மொறுக்கு மொறுக்குன்னு திங்குதுவ. நான் வாசலத் தூத்துட்டுத் திரும்பக்குள்ள துப்பிப் போட்டிருக்குதுவ."

சாவி தன்னிடம் இருக்கும்போது பிள்ளைகள் எப்படி உள்ளே போவார்கள் என்று பிரீனா கேட்கவில்லை. மத்தியானம் தானே போய்ப் பார்த்தாள். வெளியே அடைமழை. உள்ளே வெளிச்சம் கரைந்து, தட்டுகளின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. பாம்பு போட்டிருந்த சாடிகள், பஞ்சடைத்த ஆந்தை, காய்ந்த தவளைகள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கதவடியில் கொஞ்சம் தூள் சிதறிக் கிடந்தது. குனிந்து தொட்டாள். ஈரமாக, எச்சில் படிந்த மாதிரி இருந்தது.

ஓட்டின் மேல் மழைச் சத்தம் ஒரு கணம் தணிந்தது.

மொறுக்.

அவள் நிமிர்ந்தாள்.

மொறுக். மொறுக்.

மெதுவான, பழக்கமில்லாத மெல்லல். முதல் பல் முளைத்த குழந்தை ரஸ்க்கைக் கடித்துப் பழகும் மாதிரி. ஒரு கடி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு கடி. சத்தம் அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து வந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். உடனே நின்றது. அவள் மூச்சைப் பிடித்து நின்ற நேரமெல்லாம் அதுவும் அசையவில்லை. அவள் வெளியே வந்து பூட்டைத் திருகும்போது மறுபடி தொடங்கியது.

கரையானாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அன்று இரவு முறுக்கு டப்பாவை நீட்டியபோது ஜெப்சன் ஒன்றை எடுத்துப் பாதியில் வைத்துவிட்டான்.

"என்னமோ தாடை வலிக்கி பிரீனா. சவைக்கத் தெம்பில்ல."

அவள் அதைக் கேலி செய்தாள். இறச்சகுளம் சித்தி வீட்டில் ஆட்டுக்கால் எலும்பையெல்லாம் கடித்துத் துப்பியதற்கு இப்போது கூலி கிடைக்கிறது என்றாள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது எழும்பும் கன்னம் அன்று சரியாக எழும்பவில்லை. விளக்கு வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. முதலில் சோறு குழைய வேண்டியிருந்தது. பிறகு கஞ்சி. கடையில் பார்ப்பவர்களெல்லாம் சுகர் பார்த்தாயா என்று கேட்டார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அவளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினான். கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இல்லை. ரத்தம் இல்லை, குழி இல்லை. ஈறு வழுவழுவென்று மூடியிருந்தது. தலையணையைப் புரட்டி, கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார்கள். ஒரு பல்லும் கிடைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பல்லு வச்ச கையாக்கும். எனக்கும் ஒரு செட்டு செஞ்சுக்கிடுவேன், நீ அழுது கரையாத" என்றான் அவன். செய்யவும் செய்தான். அளவு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் கடித்து மூடத் தாடைக்குப் பலம் இல்லாததால் செட்டு வாய்க்குள் சும்மா கிடந்தது.

கமிட்டி வந்தது. மூன்று பேரில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரப் பேராசிரியை, நரைத்த தலை, கடுகடுப்பில்லாத முகம். பங்களாவுக்கு வந்தவர் மண்டையோட்டு அலமாரியை விட்டு நகரவே இல்லை. சிறுத்தையையும் குதிரையையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அலங்கின் முன்னால் நின்றார். நின்றவர் சிரித்துவிட்டார்.

"இதை யாருங்க ஒட்டினது?"

யேசுரத்தினம் சார் பெருமையாகப் பிரீனாவைக் காட்டினார்.

"அலங்குக்கு இந்த எலும்பு நடுவுல சேராதும்மா. இது உடைஞ்சது இல்லை. அதோட அமைப்பே இதுதான்." பேராசிரியை தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "தாடையை மூடற தசை இந்த வளைவுக்குள்ள போகும், இதைப் பிடிச்சும் இழுக்கும். சிறுத்தைக்கு ஏன் இவ்வளவு அகலம்? அதோட கடி அப்படி. மெல்லவே மெல்லாத பிராணிக்கு இது எதுக்கு? மூஞ்சூறுக்குக்கூட இது கிடையாது. இல்லாததெல்லாம் உடைஞ்சதுன்னு நினைச்சுட்டீங்களாக்கும்."

பிரீனாவுக்குக் காது மடல் எரிந்தது. பேராசிரியை அந்த வளைவை விரலால் தொட்டார். தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கே?"

"வெயிலு பட்டிருக்கும்" என்றார் யேசுரத்தினம் சார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கமிட்டி போனதும் சார் பொரிந்து தள்ளினார். அந்த எளவை இன்றைக்கே கழற்ற வேண்டும் என்று உத்தரவு. பிரீனாவுக்கும் அதுதான் வேண்டும். இல்லாததை வைத்தது தாங்கள்தான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவள் மனம் அந்த நேரத்திலேயே ஜெப்சனின் முகத்தையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. பசையைக் கரைக்கும் மருந்தும் மெல்லிய பிளேடுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஒட்டிய இடத்தைத் தேடினாள்.

ஒட்டிய இடமே இல்லை.

அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே எலும்பு. பவுடரில் வார்த்ததன் மினுமினுப்பு போய், பழைய எலும்பில் இருக்கும் ஊசித் துளைகள் அதிலும் இருந்தன. மருந்தைத் தடவினாள். ஒன்றும் கரையவில்லை. பிளேடை வைத்து லேசாகக் கீறினாள்.

கீறலில் ஈரம் கசிந்தது.

சிவப்பாக.

அவள் பிளேடைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். கிடைத்த ஆட்டோவில் வீட்டுக்குப் போனபோது ஜெப்சன் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குக் கீழே, பிளேடால் இழுத்த மாதிரி நேரான ஒரு கோடு.

"எதுல கிழிச்சுதுன்னே தெரியல்லே பிரீனா. சும்மாதான் இருந்தேன்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னபோதும் அவன் நம்பவில்லை.

டாக்டரிடம் போனார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஜெப்சனின் மண்டையோடு மெதுவாகச் சுழன்றது. கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முனை. காதுக்கு முன்னே ஒரு சின்ன முனை. நடுவில் வெறும் இடம்.

"எலும்பு ஒடஞ்சிருந்தா முனை கூர்மையாட்டு இருக்கும்மா. இது ரெண்டு பக்கமும் வழுவழுன்னு இருக்கு. இவருக்குப் பொறவியிலேயே இல்ல."

"இருந்துச்சு டாக்டர்." பிரீனா போனில் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்து நீட்டினாள். "பாருங்க. எப்பிடி இருந்துச்சுன்னு பாருங்க."

"போட்டோவுல சதைதானே தெரியும். எலும்பு தெரியாதில்லியா?" டாக்டர் போனைப் பதமாகத் திருப்பிக் கொடுத்தார். "பல்லு எல்லாம் எப்பம் எடுத்தது?"

"எடுக்கல்லே."

டாக்டர் அதன் பிறகு ஜெப்சனிடம் எதுவும் கேட்கவில்லை. பிரீனாவிடம்தான் கேட்டார், நன்றாகத் தூங்குகிறாளா என்று.

சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஜெப்சனின் சிநேகிதன் சுயம்புராஜ், அய்யாவழிக்காரன், பதியில் கும்பிட்டு நாமம் கொண்டுவந்து, தயங்கித் தயங்கிக் கேட்டு, அவன் நெற்றியில் இட்டுவிட்டான். பிரீனா எதையும் மறுக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தாள். அரைத்து வடிகட்டி ஊற்றும் கஞ்சியைக்கூட அவன் வயிறு ஏற்க மறுத்தது. கன்னம் ஒட்டி, முகம் முன்னால் நீண்டு, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. தூக்கிப் பார்த்தால் அவளாலேயே தூக்கிவிட முடியும் போலிருந்தது. கண்ணெதிரே ஒரு மனுஷன் கரைகிறான், தடுக்கத் தனக்கு ஒரு வழியும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. ஒட்டியது அவன் கை. அவன் கையாலேயே எடுக்கலாமே.

அடுத்த நாள் மத்தியானம் அவனை ஆட்டோவில் ஏற்றி, கடைக் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். பங்களாக் கதவைத் திறந்ததுமே மெல்லும் சத்தம் கேட்டது. இப்போது அதில் தடுமாற்றம் இல்லை. சீராக, ஆசையாக, ருசித்து மெல்லும் சத்தம். அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து கேட்ட தாளம் அது.

அவர்கள் அலமாரியைத் திறந்தபோது நின்றது.

ஜெப்சன் மண்டையோட்டைக் கையில் எடுத்தான். அதன் ஒல்லியான தாடையில், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு, பற்கள் இருந்தன. மனிதப் பற்கள். உள்ளே ஒன்றில் வெள்ளி மினுங்கியது. நடுவில் மீன்முள் ஒன்று சிக்கியிருந்தது. அயிலைக் கறியின் வாசம் அடித்தது.

"எனக்க பல்லாக்கும்" என்றான் ஜெப்சன். பயம் இல்லை குரலில். தொழிலாளி பொருளைப் பார்க்கும் பார்வைதான். விரலால் வளைவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினான்.

"எடுங்க. எப்பிடியாவது எடுங்க."

"இது எனக்க வேலை இல்ல பிரீனா." அவன் வாயிலிருந்து சொற்கள் குழறி வந்தன. "நான் இத்தன சுத்தமாட்டு செய்யமாட்டேன். ஒட்டே இல்ல, பாத்தியா?"

ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளை எடுத்தான். பல்செட்டு அறுக்கும் மெல்லிய வாள். வளைவின் மேல் வைத்து ஒரே ஒரு இழுப்பு.

அவன் கன்னத் தோல் விரிந்தது.

அவன் கை நிற்கவில்லை. மறுபடி இழுக்கப் போனான். ரத்தம் தாடை வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது.

"வேண்டாம், விடுங்க!" பிரீனா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். "விடுங்க, இருக்கட்டு. அது இருக்கட்டு." கொண்டுவந்தவளும் அவள்தான், தடுத்தவளும் அவள்தான். அவன் கையிலிருந்து மண்டையோட்டை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள். உடைத்தால் அவன் உடைவான். புதைத்தால் அவனுக்கு மூச்சு முட்டும். எரித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயந்தாள்.

அவள் அலமாரியின் முன்னால் மண்டியிட்டாள். ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வாயால் அதனிடமே கேட்டாள்.

"தெரியாமச் செஞ்சிட்டோம். உனக்கு இல்லேன்னு பாவப்பட்டுத்தான் செஞ்சாரு. அவருக்குத் திருப்பிக் குடு. நான் வேணும்னா வாறேன், எனக்க கன்னத்த எடுத்துக்கோ."

அது கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அறை முழுக்க அப்படி ஒரு அமைதி. அவள் சொல்லி முடித்ததும் சற்று நேரம் பொறுத்து, வாயில் வைத்திருந்ததை மறுபடி மெல்லத் தொடங்கியது.

மொறுக்.

மொறுக்.

கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு நின்ற ஜெப்சன் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் பார்வை சுவரில் இருந்தது. மழைக்கு இடம் மாறும் எறும்புகள் ஓட்டிலிருந்து இறங்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல் அவன் அதைப் பார்த்தான். பிரீனா அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மழை வெறித்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே கட்டில்மேல் விழுந்தது. பிரீனா கஞ்சியைத் தெளிவாக வடித்து, உப்புப் போட்டு, கரண்டியோடு கொண்டுபோனாள். அவன் தலையை அசைத்தான்.

"வேண்டாம் பிள்ளே. வயிறு நெறஞ்சிட்டு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகவே அதில் கொஞ்சம் தெளிச்சம் இருந்தது. உதட்டில் ஈரம். கண்ணில் உயிர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கிடந்த வயிறு லேசாக எழும்பியிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கர்த்தாவே, கேட்டுவிட்டாயே என்று வாய்விட்டுச் சொன்னாள். யார் வந்து என்ன கொடுத்தார்கள் என்று கேட்கப் போனவள், அப்போதுதான் கவனித்தாள்.

ஜன்னல் படியிலிருந்து சுவரில் இறங்கி, கட்டில் சட்டத்தில் ஏறி, விரிப்பின் ஓரமாக வந்து, தலையணைக்கு மேலே, அவன் உதடுவரை ஓர் எறும்பு வரிசை.

அவள் துடைப்பத்தை எடுத்துவந்து ஓங்கினாள். அவன் கண் அந்தத் துடைப்பத்தின் மேல் நின்றது. உண்டுகொண்டிருக்கும்போதே தட்டைப் பிடுங்கினால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான். இவ்வளவு நாளும் தான் அரைத்தும் வடித்தும் ஊட்டியதில் ஒரு வாய்கூட அவன் உடம்பில் ஒட்டவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

ஓங்கிய கை இறங்கியது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவை எடுத்துவந்தாள். அழுகையில் கண் மறைத்தது. ஆனாலும் கை தவறாமல், ஜன்னல் படியிலிருந்து தலையணைவரை, மெல்லிசாக, ஒரே சீராகத் தூவிக்கொண்டே வந்தாள். தூவி முடித்துக் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியேயிருந்து மேலும் மேலும் எறும்புகள் வந்தன. வரிசை தடித்தது. வெயில் சாய்ந்து அறை இருளும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதடுவரை போனவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.